எலக்ட்ரீசியன்னே எழுதுங்க மேடம்

இல்லீங்க மேடம், ஏசி கோர்ஸ் வேண்டாங்க. எலக்ட்ரீசியன்னே எழுதுங்க.

ஆமாங்க, பதினாலு வருசமா ஏசி மெக்கானிக்குத்தானுங்க நானு. அதுலயே சேர்ந்தா பாடம் சுளுவா இருக்கும், கையில சர்டிபிகேட்டும் வந்துரும்னு நீங்க சொல்றது ஞாயந்தான். ஆனா வேண்டாங்க. வயசுங்களா? முப்பத்தெட்டு. சேரலாம்னு வெளிய அந்த சார் சொன்னாருங்க.

எங்களுக்கு மதுக்கரைங்க. கல்யாணம் ஆன புதுசுல நானும் மச்சானும் ஒண்ணாத்தான் தொழில் கத்துக்கப் போனோம். மச்சான்னா அன்புமணிங்க, என்ற ஊட்டுக்காரி செவ்வந்திக்கு அண்ணன். எனக்கு அப்பவே கரண்டு வேலை மேலதான் ஆசை. அவருதான், மாப்ளே, ரெண்டு பேரும் ஒரே வேலையக் கத்துக்கிட்டா நமக்குள்ளயே போட்டி வந்துரும், நீ ஏசியப் பாரு, நான் ஒயரிங் பாக்கறேன், ஒரு ஊட்டுக்குள்ள போனா மொத்த சோலியும் நம்முளுதுன்னாரு. சரின்னுதானுங்க பட்டுது. அன்னைக்கிலிருந்து ஒரு சுச்சு போர்டு மூடியக்கூட நான் கழட்டுனதில்ல. அவரு லைன் இழுத்து வெச்சிருப்பாரு. நான் மெசின மாட்டி, ஓட உட்டுப் பாத்துட்டு வந்துருவேன்.

இந்தச் சித்திரையில தொண்டாமுத்தூர்ல ஈஸ்வரமூர்த்தி ஐயா தோட்டத்து ஊட்டுக்குப் புது ஏசி போட்டோம். எட்டு வருசமா அந்த ஊட்டுச் சோலியெல்லாம் நாங்கதானுங்க. அவங்க சம்சாரம் தெய்வாத்தாம்மா, அவங்க குடிக்கற டம்ளர்லயே எனக்கும் காப்பி குடுக்கும். அது உங்களுக்குப் பெருசாத் தெரியாது மேடம். எங்கப்பன் அந்த மாதிரித் தோட்டத்துல கூலிக்குப் போனவரு. கையேந்தித்தான் தண்ணி குடிச்சாரு.

மாட்டி மூணு வாரங்கூட ஆகலீங்க. மத்தியானம் ஏசி ஓடிட்டிருக்கறப்பவே போர்டு பத்திக்கிச்சு. பக்கத்துலயே சன்னல் துணி. அந்தம்மா பதறிப்போயி கையாலயே அதை இழுத்துப் போட்டிருக்குது. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சுங்க.

நான் போறதுக்குள்ள மச்சான் போயிட்டாரு. கம்ப்ரசர் கோளாறு, ஏகத்துக்குக் கரண்டு இழுத்துப்போட்டுதுன்னு ஐயாகிட்டச் சொல்லிட்டிருக்காரு. நானும் நம்பிட்டேன். நான் மாட்டுன மெசின்தானுங்களே. ஐயா என்னயப் பாத்து, உங்களையெல்லாம் ஊட்டுக்குள்ள உட்டது என்ற தப்புன்னாரு. பிரான்சிஸுன்னு எம் பேரச் சொல்லித் திட்டியிருந்தாலும் பரவால்லீங்க. உங்களையெல்லாம்னாரு. மச்சானும் பக்கத்துலதான் நின்னாரு.

பத்து நாளு எனக்குச் சோறு எறங்கல. அந்தக் கையே கண்ணுக்குள்ள நிக்குது. கழட்டிட்டு வந்த மெசின அக்கக்காப் பிரிச்சேன். கம்ப்ரசர் நல்லா இருக்குதுங்க. மறுக்கா மாட்டி ஒரு நாப்பூரா ஓட்டிப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. அப்பறந்தான், உக்கடத்துல சஹீர்னு ஒரு எலக்ட்ரீசியன், முன்னபின்ன தெரியாதவரு, விசாரிச்சு ஐயா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். என்னய உள்ள உடல. அவரு மட்டும் போயி, செவுத்துக்குள்ளார கெடந்த ஒயர உருவிக் கொண்டாந்து என்ற கையில குடுத்தாரு. லைட்டுக்குப் போடற சன்ன ஒயருங்க மேடம். ஏசிக்குத் தடிசாப் போடோணும். சூடேறிச் சூடேறி உருகிப் போயிருக்குது. அண்ணா, இத யாரு இழுத்ததுன்னாரு. ஒயரச் சுருட்டிப் பையில வெச்சுக்கிட்டேன். ஐயாகிட்டயும் அவரு எடுத்துச் சொன்னாரு. ரெண்டு பேரும் கூட்டுத்தானேன்னு ஐயா உள்ள போயிட்டாரு.

நேரா மச்சான்கிட்டப் போயி ஒயர நீட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு, உனக்குத்தான் ஒயரிங் தெரியாதே மாப்ளே, எவனோ சொன்னா நம்பீருவியான்னாரு.

அந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க இங்க வந்து நிக்கறேன்.

கையெழுத்து இங்கீங்களா? சரிங்க.

அவசரத்துக்குக் கூப்புடற நம்பருங்களா? ஊட்டுக்காரி நம்பரு வேண்டாங்க. சேச்சே, சண்டையெல்லாம் இல்லீங்க. ஊட்லதான் இருக்குது. இன்னைக்கும் அதுதான் சோறு கட்டிக் குடுத்து உட்டுச்சு. எங்க சோலிக்குச் சாமான் வாங்கியாரது எப்பவும் செவ்வந்திதானுங்க. அந்தச் சன்ன ஒயரு, அண்ணன் போதும்னு சொல்லி, அதுதான் வாங்கியாந்திருக்குது. பத்து நாளும் நான் சோறு உண்காமக் கெடக்கறப்ப பக்கத்துல உக்காந்து, உடுங்க மாமா, மெசினுன்னா அப்பிடித்தான்னு சொல்லிச்சு. அந்த ஒயரக் காட்டி, அப்பவே உனக்குத் தெரியுமான்னு கேட்டேனுங்க. ஆமான்னுபோட்டு அரிசி களையப் போயிருச்சு.

சஹீர் நம்பரச் சொல்றேன், எழுதிக்குங்க. பழகி இருவது நாளுதானுங்க ஆச்சு.