பஞ்சாபிப் பெண்ணுக்குத் தமிழ்ப் பரிசு

டில்லி லக்ஷ்மிபாய் நகர் பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"ஸ்கூல்லே தமிழ்ப் பேச்சுப் போட்டியிலே முதல் பரிசு ஒரு பஞ்சாபிப் பொண்ணுக்காம்," என்றாள் பச்சை ஸ்வெட்டர்காரி.

"அச்சா. எப்படி?" என்றாள் மற்றவள்.

"அதான் சந்தேகமா இருக்கு. தமிழ் டீச்சர் வீடும் அந்தப் பொண்ணு வீடும் ஒரே பிளாக். டீச்சரே எழுதிக் கொடுத்திருப்பா."

"பேப்பரைப் பார்த்துப் படிச்சாளா?"

"இல்லே. அர்த்தம் தெரியாம மனப்பாடமா ஒப்பிச்சிருப்பா."

"உங்க பையனும் பேசினானே?"

"பாதியிலே மறந்துட்டான்."

"பேப்பரைப் பார்த்துப் படிச்சிருக்கலாமே."

பச்சை ஸ்வெட்டர்காரி பால் தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள்.

"எப்பவும் அவனுக்கு ஹிந்தி எழுத்துலேதான் எழுதித் தருவேன். அன்னிக்கு ஏதோ ஞாபகத்துலே தமிழ்லேயே எழுதிட்டேன்."