டிக்கியில் கிடைத்த பைப்பைப் பற்றி யேசுதாஸ் எழுதிக் கொடுத்தது

என் பெயர் யேசுதாஸ். தகப்பனார் பெயர் ஞானப்பிரகாசம், காலமாகிவிட்டார். வயது அறுபத்தெட்டு. கும்மிடிப்பூண்டி மாதா கோவில் தெருவில் வாடகை வீட்டில் தனியாக வசிக்கிறேன். இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றவன். தொழிற்பேட்டையில் உள்ள ஓர் உருக்காலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இன்று 2009 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை. உதவி ஆய்வாளர் அவர்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "படிச்சவராச்சே, நீங்களே எழுதிக் குடுங்க. அடித்தல் திருத்தல் மட்டும் இருக்கக் கூடாது" என்று சொன்னதால் என் கையாலேயே எழுதுகிறேன். ஆலையில் அறிக்கை எழுதிய பழக்கப்படி, சொல்லப்போவதை முதலில் எண் போட்டுத் தருகிறேன்.

1. கடையில் என் வேலை.
2. பெரிய சக்கரம் மாட்டியதும், அதில் டயர் காற்றை அளக்கும் சென்சார்கள் பொருந்தாமல் போனதும்.
3. பைப்பை நான் செய்த விதம். அதில் காற்றும் பஞ்சில் சுற்றிய நான்கு சென்சார்களும் தவிர வேறெதுவும் இல்லை.
4. அந்தப் பைப் டிக்கியில் இருப்பதை வண்டிக்காரர் அத்னானிடம் நான் சொன்னது.
5. சோதனைச் சாவடியில் நடந்ததாக நான் கேட்டறிந்தது.

நெடுஞ்சாலையில் கோபால் என்பவர் நடத்தும் டயர் கடையில் பகலில் உட்கார்ந்து பில் போடுகிறேன். வெளிநாட்டு வண்டி வந்தால் அதன் கையேட்டைப் படித்து கோபாலுக்கும் டயர் மாட்டும் பிட்டர் ராபினுக்கும் தமிழில் சொல்வதும் என் வேலை. சக்கரத்தில் கை வைப்பதில்லை. வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் குறைவு, எனக்கு அது வராது.

சென்ற மாதம் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் ஹனீப் என்பவரின் மகன் அத்னான், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வெள்ளைக் கார் ஒன்றைக் கடைக்குக் கொண்டு வந்தார். அவருக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் பதினாறு அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டுப் பதினெட்டு அங்குல அலாய் வீல் மாட்ட வேண்டும் என்றார். கோபால், "போடு தம்பி, வண்டி சிங்கம் மாதிரி நிக்கும். பொண்ணு ஊட்டுக்காரங்க மாப்பிள்ளைய வுட்டுட்டு வண்டியத்தான் பாப்பாங்க" என்றார். அத்னான் சிரித்துக்கொண்டு, "வாப்பா கேட்டா பழைய டயர் தேஞ்சிப்போச்சின்னு சொல்லிக்கிறேன் அண்ணே, நீங்க காட்டிக் குடுத்துடாதீங்க" என்றார். சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் உயரத்தை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும், அப்போதுதான் மொத்தச் சுற்றளவு மாறாது, வேகமானி தவறாகக் காட்டாது. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். அது சரியாக வந்தது என்றே நம்புகிறேன்.

அதன் பிறகு ராபின் பழைய டயர்களைக் கழற்றியபோது, ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் காற்றடைக்கும் வால்வின் அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருந்தது. அது டயருக்குள் காற்று எவ்வளவு என்று அளந்து, கம்பியில்லாமல் வண்டிக்குத் தெரிவிக்கும். காற்று இறங்கினாலோ சென்சாரிலிருந்து செய்தி வராவிட்டாலோ ஓட்டுநர் முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்து மணி அடிக்கும். புதிய ரிம்மில் அவற்றை வைத்துப் பார்த்த ராபின், "சார், இடிக்குது. ஓடும்போது ஒடஞ்சிடும்" என்றார். பொருந்தக்கூடிய சென்சார் வெளிநாட்டிலிருந்து வர நாளாகும் என்று கோபால் போனில் சொன்னதற்கு அத்னான், "அதுவரைக்கும் மணி அடிச்சிக்கினே இருந்தா எப்படிண்ணே ஓட்றது? எதனா பண்ணி நிறுத்துங்க" என்று கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நான் இணைய மையத்தில் உட்கார்ந்து தேடியதில், வெளிநாட்டார் சிலர் இதற்குச் செய்யும் ஓர் உபாயத்தைப் படித்தேன். அதன்படி நான்கு அங்குலப் பி.வி.சி. பைப்பில் ஒரு முழ நீளம் வெட்டி, நான்கு சென்சார்களையும் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் மூடியைப் பசை போட்டு அடைத்து, ஒரு மூடியில் துளையிட்டு டயர் வால்வைப் பொருத்தி, முப்பத்திரண்டு பவுண்டு காற்று அடைத்தேன். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லை என்று பார்த்தேன். பைப்பை டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தோம். சற்று தூரம் ஓட்டியதும் விளக்கு அணைந்தது. ராபின் கை தட்டி, "வண்டியவே ஏமாத்திட்டீங்களே சார்" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. இனி டயரில் காற்று இறங்கினாலும் அந்த விளக்கு எரியாது. பைப்புக்குள் அடைபட்ட காற்றைத்தான் வண்டி டயர் காற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே வண்டிக்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றேன். கோபால், "நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க நைனா, எனக்கு அந்தப் பேருங்கல்லாம் வாயில நொழயாது" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். எண் 4 இதைப் பற்றியதுதான். அதை வரிசை மாற்றி, எண் 5க்குப் பிறகு எழுதுகிறேன்.

நேற்று அத்னான் நிக்காஹ் பத்திரிகை வைக்க ஆந்திரப் பக்கம் போய்த் திரும்பியபோது, சுதந்திர தினத்தை முன்னிட்டு எல்லையில் வாகனச் சோதனை நடந்திருக்கிறது. அங்கிருந்த காவலர் முன்சக்கரம் ஒன்று சப்பையாக இருப்பதைப் பார்த்து, "இன்னாய்யா, காத்தே இல்லாம ஓட்டிக்கினு வர?" என்று கேட்டாராம். அதற்கு அத்னான், "இல்ல சார், காத்து கொறஞ்சா லைட்டு எரியும். எரியலயே" என்றாராம். பிறகு இறங்கிப் பார்த்து, ஆணி ஏறியிருந்ததால் ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறந்திருக்கிறார். துணி விலகி, இரண்டு பக்கமும் மூடிய பைப் தெரிந்திருக்கிறது. இது என்ன என்று கேட்டதற்குத் தெரியாது என்றாராம். உடனே சாலையை அடைத்து, பைப்பை மணல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, சென்னையிலிருந்து வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்திருக்கிறார்கள். இவை எனக்கு அந்தக் காவலரே சொல்லித் தெரிந்தவை. அவர் இன்று என்னைப் பார்த்ததும், "ஏன் பெரியவரே, காத்த புட்ச்சி பைப்புல அடைச்சி வெச்சீங்களா? ரோட்டையே காலி பண்ணிட்டோம்யா" என்றார்.

சக்கரம் மாற்றிய கடை என்பதால் இன்று காலை கோபாலையும் என்னையும் அழைத்து வந்தார்கள். ஆய்வாளர் அறையில் அத்னானை நிறுத்தியிருந்தார்கள். இடுப்பில் பெல்ட் இல்லாததால் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பைப்பில் வெடிமருந்து இல்லை, ஆனால் பேட்டரியோடு நான்கு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன என்று ஆய்வாளர் சொன்னார். பைப் நான் செய்தது, அவை டயர் சென்சார்கள்தான் என்று உடனே சொன்னேன். அவர், "அது இருக்கட்டும். இந்தப் பையன்கிட்ட சொன்னீங்களா இல்லயா? சொல்லியிருந்தா இவன் ஏன் தெரியாதுன்னு மறைக்கிறான்? மறைக்கிறவன நான் சும்மா வுட முடியாது. சாயந்திரம் சென்னைக்கு அனுப்பிடுவேன், அங்க விசாரிச்சிக்கட்டும்" என்றார். சொன்னேன் என்றேன். அத்னான் என் பக்கம் திரும்பி, "சார், நல்லா யோசிச்சிப் பாருங்க. எங்கிட்டயா சொன்னீங்க?" என்று கேட்டார். "சொன்னேனே தம்பி" என்றேன். கோபால், "நைனா பொய் பேசுற ஆளே இல்ல சார். பில்லுல ஒரு எழுத்து மாறிப்போனாலே கஸ்டமர் ஊட்டுக்குப் போயி மாத்திக் குடுத்துட்டு வருவாரு" என்றார். அத்னானை உள்ளே அழைத்துப் போனார்கள்.

அதன் பிறகு என்னை இந்தப் பதிவேட்டு அறையில் உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். எழுதி முடிக்கும் வரை வெளியே போகக் கூடாது என்பதால் கதவருகே ஒரு காவலர் இருக்கிறார். இங்குள்ள ஒரே ஜன்னல் வாசல் பக்கம் பார்த்தது. அத்னானின் தாயார் சைதா அம்மாள் சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நிற்கிறார். காலையில் நான் உள்ளே வரும்போது, "ஐயா, டயர் கடையிலிருந்து வந்தீங்களா? உண்மையச் சொல்லி என் புள்ளய வுட்டுடச் சொல்லுங்க" என்று கேட்டார். சரி என்று தலையசைத்துவிட்டு வந்தேன். சென்னைக்குப் போகும் வேனை இப்போது வாசலில் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள்.

இனி எண் 4. அத்னான் வண்டியை எடுக்க வருவதற்கு முன், சொல்ல வேண்டியதை மனதுக்குள் அமைத்துக்கொண்டேன். புதியவர்களிடம் பேசுவதற்கு முன் நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். "தம்பி, டிக்கியில் ஒரு பைப் வைத்திருக்கிறோம். அதனால் இனி காற்று இறங்கினாலும் விளக்கு எரியாது. வாரம் ஒரு முறை காற்றைப் பார்த்துவிடுங்கள்." இதைப் பல முறை சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்கூட மறக்கவில்லை, அதனால்தான் ஆய்வாளரிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். அத்னான் இரண்டு நண்பர்களோடு வந்தார். மூவரும் வண்டியைச் சுற்றி வந்து செல்போனில் படம் எடுத்தார்கள். நான் பில்லோடு பக்கத்தில் போய் நின்றேன். காற்றடிக்கும் கம்ப்ரஸர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அவர் பில்லை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, "வரேன் சார்" என்றார். வண்டி சாலையில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதில் நான் பேசிய இடம் எது என்று தேடிப் பார்க்கிறேன். டிக்கியில் ஒரு பைப் என்றால் யாராயிருந்தாலும், இன்னா பைப்பு, எதுக்கு என்று கேட்பார்கள். அவர் அப்படிக் கேட்டதாக என் நினைவில் இல்லை. நான் சொன்ன சொற்கள் இருக்கின்றன, அவர் சொன்ன பதில் இல்லை. மேலும், பைப்பைப் பற்றித் தெரிந்தவர் சோதனைச் சாவடியில் லைட்டு எரியலயே என்று சொல்லியிருக்க மாட்டார். அவர் அந்த விளக்கை நம்பித்தான் சப்பைச் சக்கரத்தில் ஓட்டி வந்திருக்கிறார்.

திருத்தம் கூடாது என்று சொல்லப்பட்டதால் மேலே எழுதியதை அடிக்காமல் இங்கே எழுதுகிறேன். எண் 4 தவறு. நான் அத்னானிடம் சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டதைச் சொல்லிவிட்டதாக நம்பி, இன்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன் என்றேன். தெரியாது என்று அவர் சொன்னதுதான் உண்மை. என்னை யாரும் தூண்டவில்லை, கோபாலும் நான் சொன்னதை நம்பித்தான் பேசினார். இதனால் என் மேல் வரும் நடவடிக்கை எதுவானாலும் அது என்னைச் சேர்ந்தது. மற்ற நான்கு எண்களும் நான் செய்ததும் கண்டதும் கேட்டதும் ஆகும் என்றும், எண் 4 நடக்கவே இல்லை என்றும் அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஞா. யேசுதாஸ்