வரி கழிக்காத அண்ணை

எனக்கு உதைபந்தாட்டம் அவ்வளவாகப் பிடிக்காது. மழையில் இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துவதைப் பார்த்தால் குளிர்தான் எடுக்கும். ஆனாலும் சனிக்கிழமைகளில் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த எங்கள் பெடியள், நகரின் ஓர்லிகோன் பகுதியில் இருந்த என் அறைக்கு வந்து, எந்த அணி வெல்லும் என்று சொல்லிக் காசு கட்டிவிட்டுப் போவார்கள். எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன்.

அரசே நடத்தும் டோட்டோ என்ற உதைபந்தாட்டப் பந்தயம் இருக்கும்போது என்னிடம் ஏன் வந்தார்கள் என்று கேட்கிறீர்கள். அங்கே வென்றால் நூற்றுக்கு முப்பத்தைந்தை வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். நான் அரசு அறிவிக்கும் அதே பரிசை வரி கழிக்காமல் கொடுத்தேன். அதோடு, டோட்டோவில் வென்றால் பெயர் வரிக் கந்தோருக்குப் போகும், அங்கிருந்து வெளிநாட்டவர் பொலிசுக்குப் போகும், அகதி வழக்குக் கெட்டுவிடும் என்று பெடியள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் உண்டாக்கவில்லை. "அப்பிடியோ அண்ணை?" என்று கேட்டவர்களுக்கு "இருக்கும்" என்றேன். அவ்வளவுதான்.

மற்ற நேரங்களில் நான் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. என் அறையில்தான் நான் தயாபரன் அண்ணை. வேலைக்கும் வழக்குக்கும் வருத்தத்துக்கும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

யோகராஜா அதே சமையலறையில் என்னோடு வேலை செய்தவன். எண்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபரில் என்னிடம் கட்டிய பந்தயத்தில் பெரிதாக வென்றான். யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி மனோகரியையும் பிள்ளையையும் கூப்பிட அது போதும். தருகிறேன் என்று சொன்னேன். தரத்தான் இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம், உணவகத்தை ஒரு வார விடுமுறைக்குப் பூட்டுவதற்காக நாங்கள் இருவரும் கழுவிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் போய்விட்டார்கள். அவன் சந்தோஷமாக இருந்தான்.

"அண்ணை, அந்த வரி திரும்பி வருமாம். வருசக் கணக்கிலை வென்றதைக் காட்டினால் முக்கால்வாசி தருவாங்களாம். வழக்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"எங்கடை சமையல்காரன்தான். அவன் போன வருசம் எடுத்தவனாம்."

"வேறை ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை அண்ணை. நாளைக்குப் பூசைக்கு எல்லாரும் வருவினம்தானே, அங்கை சொல்லுறன். பெடியள் சும்மா பயந்து சாகிறாங்கள்."

அவனில் ஒரு பிழையும் இல்லை. நல்ல பிள்ளை. ஆனால் மறுநாளிலிருந்து எல்லாரும் டோட்டோவுக்குப் போயிருப்பார்கள். "இருக்கும்" என்று நான் சொன்னதையும் நினைத்துப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் உறைகுளிர் அறையின் கதவு உள்ளேயிருந்து திறக்காது. பிடி உடைந்து நாளாகிவிட்டது. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வாசலில் பியர்ப் பெட்டியை வைத்துக் கதவைத் தடுப்பார். அதுதான் எங்கள் வழக்கம். மீன் பெட்டிகளை அடுக்கிவிட்டு வா என்று அவனை அனுப்பினேன்.

"பெட்டியை வைச்சிட்டியளோ அண்ணை?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"ஓம், வைச்சிட்டன்."

உண்மையில் வைத்துத்தான் இருந்தேன். பிறகு அந்த இடத்தையும் கழுவ வேண்டியிருந்ததால் எடுத்தேன். கதவு தானாகவே சாத்திக்கொண்டது. அவன் தட்டினான். நான் குழாயை முழுவதும் திறந்துவிட்டுத் தரையைக் கழுவினேன். பெட்டியையும் கழுவி முற்றத்தில் அடுக்கினேன். நான் விளக்கை அணைத்தபோதும் தட்டிக்கொண்டுதான் இருந்தான்.

பூசையில் அவனைக் கேட்டார்கள். வில் என்ற ஊர்ப் பக்கம் வேலை பார்க்கப் போயிருப்பான் என்றேன். பிரசாதம் பரிமாற ஆள் போதவில்லை, நான்தான் பரிமாறினேன்.

விடுமுறை முடிந்து முதலாளி அந்த அறைக் கதவைத் திறந்தார். பொலிசார் நீங்கள் முதலில் விபத்து என்றுதான் எழுதினீர்கள். பெட்டி ஏன் முற்றத்தில் இருந்தது என்று சமையல்காரன் கேட்ட பிறகு என்னிடம் வந்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பரிசைக் கொடுக்க மனமில்லாமல் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பிழை. தயவுசெய்து திருத்துங்கள். நான் யாரையும் ஏமாற்றுகிறவன் இல்லை. அவன் வென்றதை ஒரு சதமும் கழிக்காமல் மனோகரிக்கு அனுப்பிவிட்டேன்.

விபத்து என்று நம்பி, கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழுதாள். "நீங்கள் இருக்கிறியள் எண்ட துணிவிலைதான் அண்ணை பிள்ளையோடை வெளிக்கிடுறன்" என்றாள். வியாழக்கிழமை குளோட்டன் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். இந்த நாட்டில் அவளுக்கு என்னைத் தவிர வேறு யாரையும் தெரியாது. கூட்டிவர நான் போகவேண்டும், அதற்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே?