மூலைக் கட்டிலில் விரித்திருந்த துண்டு

விடிகாலை நாலே முக்கால். மெக்சிகோவில் புவேப்லா பேருந்து நிலையத்திலிருந்து பழைய ஊருக்குள் போகிற சாலை... ஒரு நாய்கூடக் கிடையாது. அக்காவும் தம்பியும் முதுகுப்பையைச் சுமந்துகொண்டு நடந்து வருகிறார்கள். டாக்ஸிக்குக் கொடுக்க மனசு வராத ஜென்மங்கள். நம்மைப் போலத்தான்.

சிரிக்காதீர்கள். இது என் சிநேகிதி கார்லாவின் சித்தி பிள்ளைகளுக்கு நடந்தது. அக்கா ரோவெனா, தம்பி டெரிக். கனடாவிலிருந்து கிளம்பிப் பதினோரு மாதம். இரவுப் பேருந்தில் தூங்கினால் ஒரு ராத்திரி வாடகை மிச்சம் என்று ஊர் ஊராக உருண்டு, உடம்பு நைந்துபோயிருந்தார்கள்.

"ஒரு வாரம்டா. சர்ச்சும் வேணாம், பிரமிடும் வேணாம். துணி துவைக்கணும், அவரை வேகவெச்சுத் திங்கணும், தூங்கணும். அவ்ளோதான்" என்று ரோவெனா கறாராகச் சொல்லியிருந்தாள்.

விடுதியில் எட்டுப் பேர் படுக்கிற அறை. அடுக்குக் கட்டில்கள். ஏழு காலி. மூலையில் கீழ்க்கட்டிலில் மட்டும் ஒரு சாம்பல் நிறத் துண்டு விரித்திருந்தது... ஒரு சுருக்கம் இல்லாமல்.

விடுதி விடுதியாகச் சுற்றுகிற நமக்குள் இருக்கிற சட்டம் உங்களுக்குத் தெரியும். துண்டு கிடந்தால் அது ஒருத்தருடைய இடம். ஆள் மலையேறப் போய் மூன்று நாள் ஆகியிருந்தாலும் தொடக்கூடாது. டெரிக்குக்கும் தெரியும். ஆனால் அந்த மூலையில் வெளிச்சம் படாது. தூக்கத்துக்கு அலைகிறவனுக்கு அது போதாதா?

"எவனோ மறந்துட்டுப் போயிருக்கான்க்கா."

"கேட்டுட்டு எடுடா."

"யார்கிட்ட? சுவத்துக்கிட்டயா?"

துண்டைச் சுருட்டி நாற்காலியில் போட்டான். படுத்தான். குறட்டை.

திங்கள்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ரோவெனா மாடியில் துணி துவைத்தாள். அந்தத் துண்டையும் சேர்த்துத் துவைத்தாள், பாவம், நல்ல எண்ணத்தில்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு டெரிக் தூங்குவான். ஆறு மணிக்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டிக்காரன் தெருவில் நீராவி ஊதலை விடுவான் பாருங்கள்... காதைக் கிழிக்கிற மாதிரி நீளமாக... அதில்தான் எழுந்திருப்பான். அன்றைக்கு எழுந்தபோது விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. பை இடித்திருக்கும் என்றான்.

புதன்கிழமை காது மடல் கிழிந்திருந்தது. தலையணையெல்லாம் ரத்தம்.

வியாழக்கிழமை இரண்டு விரல்கள்... பின்பக்கமாக மடிந்திருந்தன. இங்கே, ரூபன், உன் கையைக் கொடு. இப்படி. பயப்படாதே, நான் மடக்கவில்லை.

"தூக்கத்துல ஒவ்வொரு விரலா யாரோ தடவிப் பாக்குறாங்கக்கா. வலிக்குதுன்னு தெரியுது, முழிச்சுக்க முடியல" என்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்பவே கிளம்புவோம்டா."

"வாரம் பூராவுக்கும் கட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் நகர மாட்டேன்."

"பிசினாறி! உன் தோலை உரிச்சாலும் காசை விடமாட்டே."

அவள் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. நாமாக இருந்தாலும் போயிருக்க மாட்டோம். வேறு கட்டிலுக்காவது மாறச் சொன்னாள், சரி என்றான். வெள்ளிக்கிழமை மதியம் அவள் சந்தைக்குப் போன நேரத்தில், பழக்கதோஷம், மறுபடியும் அதே மூலையில் போய் விழுந்தான்.

சந்தையிலிருந்து திரும்பியவள் விடுதிக்காரி எல்வீராவைப் பார்க்கப் போனாள். எல்லோரும் அவளைத் தோன்யா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். சமையலறையில் சப்பாத்திக்கள்ளி மடலில் முள் சீவிக்கொண்டிருந்தாள். ரோவெனா விரல் விஷயத்தைச் சொல்லச் சொல்ல... கத்தி நின்றது.

"மூலையில ஒரு துண்டு இருக்குமே. எங்க?"

"துவைச்சுக் காயப்போட்டிருக்கேன், தோன்யா."

எல்வீரா சிலுவை போட்டுக்கொண்டாள். "அடிப் பாவி மகளே! நாங்க பெருக்கும்போதுகூட அதைத் தொட மாட்டோம். அது வரும், போகும். துண்டு விரிச்ச இடம்தான் அதோட இடம். அங்க ஆள் இல்லாட்டி அதுபாட்டுக்குப் படுத்துக்கும்."

"எது?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஓடு. உன் தம்பியை வெளிய இழு."

தெருவில் ஊதல் கேட்டது.

மாடிக்கு ஓடிக் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு இறங்கினாள். இன்னும் ஈரம் போகவில்லை. நடையில் வரும்போதே சத்தம். கல்லில் துணி அடிக்கிற சத்தம்... சத்... சத்... சத்... இந்த நேரத்தில் யார் துவைக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தாளாம்.

அறையில் வேறு யாரும் கண்ணில் படவில்லை. டெரிக் மட்டும்தான். அவன் தலைமுடி மேலே குத்தாக நின்றது. தலை பின்னால் போனது, கட்டில் கம்பியில் வந்து மோதியது. மறுபடியும் போனது. மறுபடியும். ஒரு பல் தரையில் தெறித்து உருண்டது. ஒரு கண் இருந்த இடத்தில் வீக்கம்தான் இருந்தது. அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்தான், ரத்தம்தான் கொப்பளித்தது.

பாய்ந்து விழுந்து பிடித்தாள். கையில் ஒரு முழங்கை சிக்கியது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சூடாக இருந்தது, மயிர் இருந்தது. கடித்தாள். வாயில் உப்பு... வேர்வை உப்பு. அது அவளைச் சுவரில் எறிந்தது. இவளுக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று. எழுந்து துண்டைக் கட்டிலில் போடப் பார்த்தாள், இடம் எங்கே இருக்கிறது? தம்பி அல்லவா கிடக்கிறான் அதன்மேல். இழுத்தால் அது விட்டால்தானே! அடுத்த அடியில் மண்டை பிளந்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

டெரிக் பிழைத்துக்கொண்டான். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடுவில் கேட்டு உயிரை எடுப்பீர்கள். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறான். ஒரு கண்தான். கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தால் குடிப்பான்.

எப்படிப் பிழைத்தான் என்பதைத்தான் ரோவெனா யாரிடமும் சொல்வதில்லை. கார்லாவிடம் ஒரே ஒருமுறை, குடித்திருந்தபோது.

அதே அறையில், சன்னலோர மேல்கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று மதியம்தான் வந்து இறங்கிய டேனிஷ்காரர். ஐம்பது வயது இருக்கும். காதில் அடைப்பான், கண்ணில் கறுப்புப் பட்டை. இவ்வளவு அமளியிலும் அசையவில்லை. நாமெல்லாம் அப்படித்தானே பழகியிருக்கிறோம்.

ரோவெனா அவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். யோசிக்க நேரம் இருந்தது என்றாளாம் கார்லாவிடம். அதுதான் கொடுமை, நேரம் இருந்தது.

துண்டை எடுத்துக்கொண்டு போய், எம்பி, அந்த மனிதர் கால்மேல் விரித்தாள். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல்.

சத்தம் நின்றது. டெரிக்கின் தலை தொப்பென்று விழுந்தது.

வெறுங்கால்கள் தரையில் நடந்தன. அவளை உரசிக்கொண்டு போயின. துருப்பிடித்த இரும்பு வாடை. ஏணியின் முதல் படி முனகியது... இரண்டாவது... மூன்றாவது...

தம்பியின் அக்குளில் கை கொடுத்துக் கதவுவரைக்கும் இழுத்துவிட்டாள். அப்போதுதான் மேலே டேனிஷ்காரர் கண்பட்டையை நெற்றிக்கு ஏற்றினார். எதிரே யாரோ நிற்பதாக நினைத்து, தூக்கக் கலக்கத்தில், தலையணையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அடடா, மன்னிச்சுக்குங்க. உங்க இடமா? தெரியாமப் படுத்துட்டேன்... இதோ, ஒரு நிமிஷம், எறங்கிடறேன்."

ரோவெனா வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தினாள்.