வாடகை உதவிக்குத் தகுதியில்லை

விசாரணைக்குப் போன எந்த வீட்டிலும் நான் ஒரு வாய் டீ குடித்ததில்லை. பதினொரு வருட சர்வீஸ் ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்தேன் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

தாமரைக்குட்டை அரசுக் குடியிருப்பு இடியும் நிலையில் இருந்தது. அதை இடித்துப் புதிதாகக் கட்டும்வரை குடியிருப்பவர்கள் வெளியே வாடகைக்கு இருக்க அரசு உதவித்தொகை தரும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்று லட்சத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

ஏழைகள் மீது உங்களுக்கு இரக்கம் இருக்கலாம். நான் அவர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தவள். ஃபிரிட்ஜுக்குப் புடவை போர்த்தி, மேலே சாமி படத்தை வைத்து அலமாரி என்பார்கள். புது பைக் அடுத்த தெருவில் நிற்கும். வருமானச் சான்றிதழில் எல்லோருக்கும் ஒரே தொகை, எழுபத்திரண்டாயிரம். லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கும் அதுதான், பூ விற்பவளுக்கும் அதுதான். அவர்களுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன். காகிதம் சரியாக இருந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சஃபியா மட்டும் பொய் சொல்லவில்லை. புருஷன் இறந்து ஏழெட்டு வருஷமாகிறது. வீட்டில் நைட்டி தைத்துக் கொடுப்பாள். மகன் ஆரிஃப் பல்லடத்தில் ஒரு தறிக் கொட்டகையில் தங்கி வேலை செய்தான். அவனுடைய மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் அவளே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் மட்டும் இருபத்திரண்டாயிரம் இருந்தது. அதைப் பன்னிரண்டால் பெருக்கினேன். அவள் தையல் கூலியையும் சேர்த்தால் வரம்பு தாண்டியது.

"மேடம், அது தீவாளி ஆர்டருங்க. ரெட்டை ஷிப்டு ஓட்டுனான். மத்த மாசம் பதினஞ்சே தேறாதுங்க. கணக்குத் தப்பா வருதுங்களே" என்றாள்.

"ஏனம்மணி, எனக்கே கணக்குச் சொல்லித் தர்றயா?"

"இல்லீங்க மேடம். மத்த ரெண்டு சீட்டையும் நீங்க பாக்கவே இல்லீங்க. அதான் சொன்னேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் 'தகுதியில்லை' என்று எழுதினேன்.

அவள் மேல்முறையீட்டு மனு கொடுத்தாள். பதினைந்து நாளில் அதை மேலே அனுப்பியிருக்க வேண்டும். என் மேஜையின் கீழ் டிராயரில் இருந்து நீங்கள் எடுத்தது அதுதான். மறந்துபோனது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் நடக்கட்டும் என்று வைத்திருந்தேன். ஐந்து முறை நடந்தாள். ஐந்து முறையும் "மேல போயிருக்கு" என்றேன்.

மற்றவர்கள் உதவித்தொகையை வாங்கிக்கொண்டு காலி செய்தார்கள். அவளும் ஒரு வாரம் யார் வீட்டிலோ இருந்துவிட்டு, பிறகு மூன்றாம் மாடியில் தன் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். வெளியே அட்வான்ஸ் கொடுக்க வழியில்லையாம். இவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

இடிப்பதற்கு முந்தின நாள் மதியம், கதவு கதவாகப் பார்த்து 'காலி' என்று சான்று தரப் போனேன். கூட வாட்ச்மேன் ராசப்பன். கரன்ட்டும் தண்ணீரும் நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் மாடிக் கம்பியில் ஈரத் துணி காய்ந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

"மேடம், உள்ளார ஆள் பொழங்கற மாதிரி இருக்குதுங்க" என்றான் ராசப்பன்.

"நீ கீழ போயி கேட்டைப் பாரு" என்று அனுப்பினேன்.

ஆள் இருப்பதாக எழுதினால், ஏன் இருக்கிறாள் என்று கேட்பார்கள். ஃபைலைக் கேட்பார்கள். ஒரு நைட்டி தைக்கிறவளுக்காக என் பதினொரு வருடத்தைத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

மறுநாள் காலை இயந்திரம் பின்பக்கச் சுவரில் கை வைத்தது. சத்தம் கேட்டு அவள் ஓடி இறங்கியிருக்கிறாள். படிக்கட்டு அவளோடு சேர்ந்து விழுந்தது. உடலை மத்தியானம்தான் எடுக்க முடிந்தது. ஆரிஃப் பல்லடத்திலிருந்து வேலைச் சட்டையோடு வந்தான். பஞ்சுத் தூசி தலையெல்லாம். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன்.

"எங்கம்மா மனு மேல போயிருக்குன்னு சொன்னாங்க மேடம். மேலன்னா எந்த ஆபீஸுங்க? நான் போயி கேட்டுக்கறேன்" என்றான்.

தெரியாது என்றேன்.

உள்ளே ஆள் இருந்தது தெரியுமா என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். ராசப்பன் கீழே இருந்தான், அவனால் சொல்ல முடியாது. நானே சொல்கிறேன். கதவைத் தட்டினேன். "ஆருங்க?" என்று குரல் வந்தது. அவள் குரல்தான். "இருங்க, வாரேனுங்க" என்றாள். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஏதோ பெட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அதற்குள் நான் படிவத்தைச் சுவரில் வைத்து, 'குரல் கொடுத்தும் பதில் இல்லை. காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கத் தொடங்கினேன். ஒரு மாடி இறங்கியபின் கதவு திறந்தது. "மேடம், மேடம்" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

தட்டியவுடன் திறந்திருந்தால், ஆள் இருப்பதாகத்தான் எழுதியிருப்பேன் ஐயா. தாமதம் செய்தது அவள்.