நீலத்த மட்டும் வெட்டாத

ஜெயந்தினி: …அதனால டிவியில மாசக் காசு கட்டிப் பாக்குற மூணுல ஒண்ணத்தான் வச்சுக்கணுமாம் மாமா. உங்க மகன் கொழும்புல இருந்து கண்டிப்பா சொல்லிட்டாரு.

வீரய்யா: எத வேணும்னாலும் வெட்டு. நீலத்த மட்டும் வெட்டாத.

ஜெயந்தினி: நீலமா?

வீரய்யா: நீல எழுத்துல வருதே, அது. பேரெல்லாம் எனக்குத் தெரியுமா?

ஜெயந்தினி: அதுலதான் ஒண்ணுமே இல்ல! பச்சையில புதுப் படம் தியேட்டர்ல ஓடி ஒரே மாசத்துல வந்துருது. மஞ்சள்ல கிரிக்கெட்டு இருக்கு, சிங்கள நாடகம் இருக்கு…

வீரய்யா: இன்னைக்கு இருக்கும். நம்பிக் காசு கட்டுனா அடுத்த மாசம் தூக்கிருவானுக. களவாணிப் பயலுக.

ஜெயந்தினி: நீலம் மட்டும் யோக்கியமா? பாதி நேரம் வெளம்பரம். உருப்படியா இருக்கிறது, அத்த பாத்த அந்த ஒத்தச் சீரியல்தான்.

வீரய்யா: அதுக்குத்தான் சொல்றேன்.

ஜெயந்தினி: …மாமா. அத்தைக்கு முப்பத்தொண்டாம் நாள் காரியமே முடிஞ்சிருச்சு.

வீரய்யா: எனக்கு எண்ணத் தெரியாதா?

ஜெயந்தினி: சரி, சரி… உக்காருங்க. பனி எறங்குது, கதவச் சாத்துறேன்.

வீரய்யா: சாத்தாத புள்ள. தெறந்தே இருக்கட்டும்.

ஜெயந்தினி: என்னமோ… நல்ல வேள, ஃபோன் இன்னைக்கு வந்துச்சு. அடக்கத்தன்னைக்கு மழையில நனஞ்சது, ஒரு மாசமா ஹட்டன் கடையிலயே கெடந்துச்சு. ரிமோட்டும் அன்னைக்கே காணாமப் போனதுல, டிவிய யாருமே தொடல.

வீரய்யா: ம்.

ஜெயந்தினி: இந்த லயத்துல வீடு வீடாத் தேடுனோமே! நீங்களும் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடுனீங்க.

வீரய்யா: குனிஞ்சேன்.

ஜெயந்தினி: இந்தா, ஃபோன வச்சே நீலத்த தெறந்துட்டேன். அத்த பேருல அவங்க பாத்ததெல்லாம் இருக்கு… அட! மாமா!

வீரய்யா: என்ன?

ஜெயந்தினி: ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அத்த நூத்திப் பன்னெண்டாவது பாகத்துல விட்டாங்க. இப்ப நூத்தி அம்பதுல நிக்குது!

வீரய்யா: அப்ப இன்னும் இருவது பாகம் இருக்கு.

ஜெயந்தினி: ஓகோ… கணக்கு வேறயா? கள்ள மாமா! ரிமோட்ட ஒளிச்சு வச்சுக்கிட்டு சீரியல் பாக்குறீங்களா?

வீரய்யா: மாமியா மருமக சண்ட எனக்கு எதுக்கு? வீட்டுல பாத்தது பத்தாதா?

ஜெயந்தினி: வெக்கப்படாதீங்க. அவருகிட்ட சொல்ல மாட்டேன்.

வீரய்யா: பகல் பூரா நான் போஞ்சித் தோட்டத்துல நிக்கிறேன். நீ மலையில தேயிலக் கொழுந்து எடுக்குற. வீடு பூட்டித்தான கெடக்கு?

ஜெயந்தினி: பகல்ல ஓடுச்சுன்னு நான் சொல்லவே இல்லையே…

வீரய்யா: ஒருநா தண்ணி குடிக்க வந்தேன். பத்து மணி இருக்கும். சாவியப் போடப் போனா… உள்ள சத்தம்.

ஜெயந்தினி: என்ன சத்தம்?

வீரய்யா: அந்தச் சீரியல் பாட்டு. அவ தெனம் பத்து மணிக்குத்தான போடுவா.

ஜெயந்தினி: தெறந்து பாத்தீங்களா?

வீரய்யா: இல்ல. சத்தம் போடாம திரும்பிட்டேன். மறுநாளும் வந்தேன். வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போனேன்.

ஜெயந்தினி: கரண்டு போயி வர்றப்ப… தானா ஓடியிருக்கும் மாமா.

வீரய்யா: தானா ஓடுமா?

ஜெயந்தினி: ஓடும்… ஆனா மூணு பாகத்துக்கு ஒருக்கா நின்னுரும். இன்னும் பாக்குறீங்களான்னு கேக்கும். யாராச்சும் ஆமான்னு அமுக்குனாத்தான்…

வீரய்யா: அமுக்கியிருக்குல்ல.

ஜெயந்தினி: பயமுறுத்தாதீங்க! ரிமோட் உங்ககிட்டதான் இருக்கு. குடுத்துருங்க, கோவிக்க மாட்டேன்.

வீரய்யா: மொதல்ல நீலத்த வெட்ட மாட்டேன்னு சொல்லு.

ஜெயந்தினி: வெட்டல. சத்தியமா வெட்டல. குடுங்க மாமா!

வீரய்யா: அன்னைக்கு அவ வெத்தலப் பையயும் கம்பளியயும் அவகூடவே பெட்டியில வச்சேனே, பாத்தியா?

ஜெயந்தினி: பாத்தேன்…

வீரய்யா: கம்பளிக்கு அடியில, அவ கையில, ரிமோட்ட வச்சுட்டுத்தான் ஆணி அடிக்கச் சொன்னேன்.