உப்பில் வைத்த பெயர்கள்

மணி அடிக்கிறது. பூசை மணி அல்ல. சாவு மணியும் அல்ல. இடைவெளி இல்லாமல் அடிக்கிறது. கோயில் மணியை அடிக்கிறவன் நான். நானோ கடற்கரையில் இடுப்பளவு வெட்டிய கிடங்குக்குள் மண்வெட்டியோடு நிற்கிறேன். அப்படியானால் கயிற்றை இழுப்பது யார்?

பிறகு அந்த இரைச்சல். தெற்கே இருந்து வருகிறது. முதலில் வண்டு இரைகிற மாதிரி. பிறகு காதுக்குள். பிறகு நெஞ்சுக்குள்.

“பிளேன்! பிளேன் வருது! மரத்துக்குக் கீழ ஓடுங்கோ!”

“அத்தான், பீப்பாவை விட்டிட்டு வாங்கோ! மாதாவே, வாங்கோ!”

இரண்டாவதாகக் கத்தியது மாகிறேத்து. என் தம்பி யாக்கோப்பின் மனைவி. கிடங்குக்குப் பக்கத்தில் இருந்த கருவாட்டு வாடி, மீன் காயவைக்கிற கொட்டில், அவளுடையது. கத்திவிட்டு உடைமரப் பற்றைக்குள் ஓடி மறைந்துவிட்டாள். நான் ஓடவில்லை. வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கால் வரவில்லை. பீப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடங்குக்குள் குந்திவிட்டேன். உடுத்த சாரம் நனைந்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அன்று அங்கே நின்றவனைத்தான் கேட்க வேண்டும்.

நிழல் ஒன்று மணலில் ஓடுகிறது. என் தலைக்கு மேலால் போகிறது. பற்களெல்லாம் கிடுகிடுக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டேன். குண்டு விழவில்லை. வெடிச் சத்தம் இல்லை. இரைச்சல் கடல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. எங்களுடைய விமானமா, ஜப்பான்காரனுடையதா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

1942. சித்திரை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் கழிந்த கிழமை. மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் எங்கள் குடியிருப்பு. திருநாள் அன்றே கொழும்பில் குண்டு போட்டிருந்தார்கள். சேதி ரயிலில் வந்தது. ரயில் நிறையச் சனம். தலைமன்னாரில் கப்பல் பிடித்து அக்கரைக்கு ஓடுகிற இந்தியச் சனம். ஜன்னலால் கையை நீட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். “கொழும்பு எரியுது! ஓடிருங்க!” எங்கே ஓடுவது? சுற்றிவரக் கடல். அந்தக் கடலால்தான் ஜப்பான்காரன் வருவான் என்றார்கள்.

பீப்பாவுக்குள் இருந்தவை கோயில் புத்தகங்கள். ஞானஸ்நானப் புத்தகம், கலியாணப் புத்தகம், சாவுப் புத்தகம். எழுத்து லத்தீன். எனக்கு அதில் ஒரு சொல் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவற்றைப் பிள்ளை மாதிரிப் பார்த்தவன் நான். நான்தான் கோயிலின் சங்கிலித்தாம். திரி ஏற்றுவது, மணி அடிப்பது, பூசை உடுப்பு மடிப்பது, புத்தகம் காப்பது எல்லாம் என் பொறுப்பு. புத்தக அலுமாரியின் கால்கள் தண்ணீர்த் தகரங்களுக்குள் நிற்கும். தகரம் காய்ந்தால் கறையான் ஏறிவிடும். வருடா வருடம் வெயில் காலத்தில் புத்தகங்களை வெளியே எடுத்துத் தாள் தாளாகத் தட்டுவேன். வசம்புப் பொடி தூவுவேன். வேப்பஞ்சருகு வைப்பேன். பூசை வைக்கிற சுவாமி ஈரக் கையோடு தொட்டாலும் முறைப்பேன். “சவிரி, நீ என்ன எனக்கு மேல சுவாமியோ?” என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கையைத் துடைப்பார்.

சாவுப் புத்தகத்துக்குள் என் மனைவி இருந்தாள். பிலோமினா. என் மகன் இருந்தான். அந்தோனி. பேதி வந்த வருடம், ஒரே நாளில் இரண்டு பேரும் போனார்கள். அரசாங்கப் பதிவுகாரர் பயந்து ஊருக்குள் காலடி வைக்கவில்லை. பெட்டி இல்லை. சிலுவை இல்லை. பாயில் சுற்றி மணலில் வைத்தோம். எங்கள் ஊர் மணல் ஓரிடத்தில் நிற்காது. அடுத்த சோளகக் காற்றோடு மேடு நகர்ந்து வந்து எல்லாவற்றையும் மூடியது. புதைத்த இடம் இதுதான் என்று காட்ட எனக்கு ஒரு அடையாளமும் இல்லை. படமும் இல்லை. இருந்தது அந்தப் புத்தகத்தில் இரண்டு வரி.

கார்த்திகையில் சகல ஆத்துமாக்கள் திருநாள். அன்று பூசையில் சுவாமி சாவுப் புத்தகத்தைத் திறந்து ஊரில் இறந்தவர்களின் பெயர்களை உரத்து வாசிப்பார். அது எங்கள் கோயில் வழக்கம். வருடத்தில் ஒரு நாள் என் பிலோமினாவின் பெயர் கோயிலுக்குள் கேட்கும். புத்தகம் எரிந்தால் அதுவும் இல்லை. எனக்கு இருந்த பயம் இதுதான். குண்டுக்குப் பயந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட இதற்குப் பயந்தேன்.

அந்தக் கரையில் உயரமான கட்டடம் எங்கள் கோயில் ஒன்றுதான். வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது. கடலில் இருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படும். “கோயிலுக்குள்ள வைக்க ஏலாது, சவிரி. மண்ணுக்குள்ள வைப்பம்,” என்றார் சுவாமி. அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மண்ணுக்குள் என்றால் கறையான் விடுமா என்று கேட்டேன்.

அப்போதுதான் மாகிறேத்து சொன்னாள். “உப்புப் போடுங்கோ. உப்பிருக்கிற இடத்தில கறையான் அண்டாது. எங்கட வாடியில ஒரு கம்பாவது அரிச்சிருக்கோ?”

அரிக்கவில்லை. அது உண்மை. சுவாமி தலையாட்டினார். யாக்கோப்பு தலையாட்டினான். நானும் ஆட்டினேன். நாங்கள் மீனை உப்பில் வைத்துப் பிழைக்கிற சனம். உப்பில் வைத்தது கெடாது என்பதுதான் எங்கள் சோறு. புத்தகம் மட்டும் கெட்டுவிடும் என்று யார் நினைப்பது? பீப்பாவின் மூடியை அடைக்க, வள்ளத்துக்குப் பூசுகிற கறுப்புக் கீல் வேண்டும். யாக்கோப்பு அதை வாங்கி வரப் பேசாலைக்கு வள்ளத்தில் போனான்.

இனி அந்தக் கிடங்குக்கு வருகிறேன். இரைச்சல் அடங்கிவிட்டது. மணியும் நின்றுவிட்டது. அடித்தவர் சுவாமிதான். பற்றைக்குள் இருந்து சனம் ஒவ்வொன்றாக எழும்புகிறது. முள்ளுக் கீறின கை. மண் அப்பின முகம். ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்க்கிறோம். மாகிறேத்து கடலைப் பார்க்கிறாள்.

“அத்தான். வள்ளம் நிக்குது. அவரைக் காணேல்ல.”

வள்ளம் கரைக்குக் கிட்ட நிற்கிறது. கீல் வாளி உள்ளே இருக்கிறது. சிந்தவும் இல்லை. ஆள் இல்லை. நான் ஓடுகிறேன். தண்ணீர் நெஞ்சளவு வருகிறது. கூப்பிடுகிறேன். “யாக்கோப்பு! டேய், யாக்கோப்பு!” மணியைக் கேட்டிருக்கிறான். இரைச்சலைக் கேட்டிருக்கிறான். பயந்து கடலுக்குள் பாய்ந்திருக்கிறான். நீந்தத் தெரியாதவனா? கடலில் பிறந்தவன் மாதிரி நீந்துவான். பாய்ந்தபோது கீழே இருந்த கற்பாரில் தலை அடித்துவிட்டது. என் காலில் தட்டுப்பட்டான். நெற்றியில் ஒரு காயம். அவ்வளவுதான். ஒரு குண்டும் விழாமல் என் தம்பி செத்துப்போனான்.

அன்றைக்கே அடக்கம். பாட்டு இல்லை. மணி இல்லை. மணி அடித்தால் சனம் ஓடும். சுவாமி மந்திரத்தை வாய்க்குள் சொன்னார். நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சவத்தைப் பார்க்கவில்லை.

பிறகு பீப்பாவுக்கு வந்தோம். புத்தகங்களை வள்ளத்துப் பாய்ச்சீலையில் சுற்றி, உப்பைக் கொட்டி, மூடி போட்டாயிற்று. கீல் பூச வேண்டியதுதான் மிச்சம். மாகிறேத்து மூடியில் கையை வைத்தாள்.

“சுவாமி, என்ர மனுசன்ர பேரை எழுதிப்போட்டு மூடுங்கோ.”

“பிள்ளை, பிறகு எழுதுவம். இப்ப நேரமில்லை. திரும்பவும் வந்தானெண்டால்...”

“பிறகெண்டு ஒண்டு இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? எழுதுங்கோ!”

திறந்தோம். சுவாமி மணலில் முழங்காலில் இருந்து எழுதினார். மை ஒரு சொட்டு விழுந்தது. நான் ஊதினேன். சரியாகக் காயவும் இல்லை. மாகிறேத்து புத்தகத்தை வாங்கிச் சுற்றினாள். பிறகு உப்பை அள்ளினாள். இரண்டு கையாலும் அள்ளினாள். நல்ல விளைமீனுக்குப் போடுகிற மாதிரி, மூலை முடுக்கெல்லாம் அமத்திப் போட்டாள். அழுதுகொண்டே போட்டாள். போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாக்கோப்பு கொண்டுவந்த கீலால் மூடியை அடைத்தோம். மண் போட்டு மூடினோம். மேலே மீன் காயப்போடும் பாயை விரித்தோம்.

வியாழக்கிழமை திருகோணமலையிலும் குண்டு என்று சேதி. அதோடு ஊர் உடைந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறினோம். மன்னார்ப் பாலத்தை அரசாங்கமே உடைக்கப்போகிறதாம் என்று ஒரு கதை. பாலம் ஏறும் முன் மாட்டின் மணியைக்கூடக் கழற்றிவிட்டோம். உயிலங்குளத்தில் ஒரு வயல்காரர் தன் நெல்லுக் கொட்டிலை விட்டுத் தந்தார். “உங்கட வீடு மாதிரி இருங்கோ,” என்றார். சைவக்காரர். நாங்கள் மீன் தின்கிற சனம் என்று முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் நித்திரை இல்லை. லொறி இரைந்தாலும் சனம் குளக்கட்டுக்கு ஓடும். நானும் ஓடுவேன். ஓடிக் குப்புறப் படுத்தால் என் மனம் அந்தக் கிடங்குக்குத்தான் போகும். யாராவது தோண்டியிருப்பார்களோ? கடல் ஏறியிருக்குமோ? கறையானை மட்டும் நினைக்கவில்லை. உப்பு இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தேன். அட, என் புத்தியே!

ஜப்பான்காரன் வரவில்லை. பயம் பழகிப்போனது. பசி பழகவில்லை. மாரி பிடிக்கும் நேரத்தில் ஊருக்குத் திரும்பினோம். கோயில் அப்படியே நின்றது. ஒரு ஓடுகூடக் கழலவில்லை. அலுமாரியும் நின்றது. தகரங்களில் நான் தண்ணீர் ஊற்றினேன். புத்தகம் இருந்தால் வைக்கலாம் என்று.

ஐப்பசி முடிகிற நேரம் தோண்டினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மண் நனைந்திருந்தது. பீப்பாவில் கறையான் ஒன்று இல்லை. மாகிறேத்து முகத்தில் ஒரு வெளிச்சம். “பாத்தியளோ அத்தான்? நான் சொன்னனான்.” கீல் ஓரிடத்தில் மயிரளவு வெடித்திருந்தது. மூடியைத் தூக்கினேன்.

உள்ளே உப்பு இல்லை. உப்புத் தண்ணீர் இருந்தது.

மாரி காலத்தில் எங்கள் குசினி உப்புச் சாடி எப்படிக் கசியும் என்று ஊரில் எந்தப் பொம்பிளைக்கும் தெரியும். ஆம்பிளைக்கும் தெரியும். உப்பு ஈரத்தை இழுக்கும். மீனுக்குள் இருக்கிற தண்ணீரை இழுத்துத்தான் மீனைக் காக்கிறது. அதே உப்பு அந்த வெடிப்பால் மண்ணின் ஈரத்தை எல்லாம் இழுத்துப் புத்தகத்துக்குக் குடிக்கக் கொடுத்தது. தெரிந்த சங்கதிதான். பயத்தில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பாய்ச்சீலையை அவிழ்த்தோம். தாள்கள் களி மாதிரி ஒட்டியிருந்தன. பிரித்தால் கையோடு வந்தன. மை ஊறிப் பரவித் தவிட்டு நிறத்தில் ஒரே கறை. சாவுப் புத்தகத்தைக் கடைசியாகப் பிரித்தோம். யாக்கோப்பின் பெயர் காயாமல் வைத்த மை. அதில் ஒரு கோடுகூட இல்லை. என் இரண்டு வரி இருந்த பக்கத்தை நான் அதில் இருந்த பழைய கறை ஒன்றை வைத்து அடையாளம் தெரிந்து வைத்திருந்தேன். இப்போது எல்லாப் பக்கமும் கறை. தாள்களைத் துணிக்கு இடையில் வைத்து வாடியில் காயப்போட்டோம். அடுப்புச் சூடு காட்டினோம். காய்ந்த தாளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. எழுத்து வரவில்லை.

“நான்தானே போட்டனான்,” என்று மாகிறேத்து தலையில் அடித்தாள். “என்ர கையாலதானே போட்டனான்!” அவளை ஒருவரும் ஏசவில்லை. ஏச எங்களுக்கு வாய் ஏது? போட்டவள் அவள். தலையாட்டியவர்கள் நாங்கள் எல்லோரும்.

சகல ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. சுவாமி வெறுங்கையோடு நின்றார். மாகிறேத்து எழும்பினாள். “யாக்கோப்பு!” என்று கத்தினாள். கோயில் கிடுகிடுத்தது. பிறகு பின்னால் ஒருவர். பிறகு மற்றப் பக்கத்தில் ஒருவர். ஆளுக்காள் தங்கள் சனத்தின் பெயரைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். பிலோமினா. அந்தோனி. அவர்கள் போன பிறகு என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு சத்தம் ஓய்ந்தது. “வேற ஆர்?” என்று சுவாமி கேட்டார். ஒருவரும் எழும்பவில்லை.

இனிக் கணக்கு.

புத்தகம் மூன்று. ஞானஸ்நானப் புத்தகத்தில் நடுத்தாள்கள் சில தப்பின. கலியாணப் புத்தகத்தில் அட்டை தப்பியது. சாவுப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

ஆள் ஒன்று. யாக்கோப்பு. என் தம்பி.

பெயர்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. சொல்ல ஆள் இருந்த பெயர்கள் மிஞ்சின. ஆள் இல்லாத பெயர்கள் போயின. அதில் ஒன்றை மட்டும் எனக்குக் கணக்கில் காட்ட முடியும். பேதி வருடம், என்னுடைய இரண்டு பேரையும் வைத்த அன்று, மூன்று கிடங்கு வெட்டினோம். மூன்றாவது பாய்க்குள் இருந்தது ஆணா பெண்ணா என்றுகூட நான் பார்க்கவில்லை. சுவாமியிடமும் ஊரிலும் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஆளுக்கென்று ஒருவரும் மிஞ்சவில்லைப் போலும்.

அந்தப் பெயரைச் சுவாமி வருடா வருடம் வாசித்தார். என் மகனின் பெயருக்கு அடுத்ததாக வாசித்தார். நான் பக்கத்தில்தான் மெழுகுதிரியோடு நிற்பேன். அந்தோனி என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடும். அழுது முடிக்கும்போது அவர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். அந்த மூன்றாவது பெயரை நான் ஒரு வருடமும் கேட்டதில்லை.